முதல் வரியில் பட்டுக் கடை

இன்று ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவில் என் பக்கத்தில் இரண்டு இளைஞர்கள். ஒருவன் விமான நிலைய வேலைக்குப் போனிலேயே விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தான். பழைய வேலைகளைக் கேட்ட இடத்தில் விரல் நின்றுவிட்டது.

“பட்டுக் கடையில ஒம்மேல புடவைய சுத்திக்கினு காட்டுனதெல்லாம் போடாதபா, சிரிப்பாங்க” என்றான் நண்பன்.

“கல்யாண வீட்டுக் கும்பலே எதிர்ல ஒக்காந்து சிரிச்சுது. மடிப்பு கலையாம நின்னேன். ஃபிளைட் லேட்டானா கத்துவாங்களே, அவங்க முன்னாடி நிக்கறதுக்கு வேற எங்கபா பழகறது?”

“சிரிச்சவங்க எதனா வாங்குனாங்களா?”

“முகூர்த்தப் புடவையே எங்கிட்டதான் எடுத்தாங்க.”

சொல்லிக்கொண்டே அந்த வேலையை முதல் வரியில் போட்டான்.

இவனை எடுக்காவிட்டால் நஷ்டம் விமான நிலையத்துக்குத்தான்.

சரி, கூச்சப்பட்டு நீங்கள் எழுதாமல் விட்ட வேலை எது?