எழுப்பிப் பாருங்கோ

கிளிவெட்டிப் பக்கத்தில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பார்க்கிற குடும்பநல மாது யோகமலருக்கு நித்திரை என்றால் உயிர். மூதூரில் லோஞ்ச் படகு ஏறினால், கொட்டியாரக்குடாவின் நடுவில், வெயிலும் தண்ணீரும் ஒன்றாகிப் போகிற இடத்தில் கண் சொருகிவிடும். திருகோணமலைத் துறையில் யாராவது தட்டித்தான் இறக்குவார்கள். கும்பகர்ணன் தனக்குத் தம்பி முறை என்று அவளே சொல்லிக்கொள்வாள். அந்தச் சண்டைக் காலத்தில் நித்திரை வந்த ஆளைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் மனம் வரவில்லை, பொறாமைதான் வந்தது.

பெரியவர்கள் பாடே அப்படியென்றால் பிள்ளைகளின் நித்திரையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். செல் விழுந்து வெடிக்கிற சத்தம் அடங்கி ஒரு குழந்தை கண்ணயர்ந்தால் உலக்கை நின்றுவிடும், வானொலி தணிந்துவிடும், வேலியில் கத்துகிற காகத்தைக்கூட வாய் திறக்காமல் கையைக் காட்டித்தான் துரத்துவார்கள். நித்திரைப் பிள்ளையை எழுப்புவது பாவம். யோகமலரும் அப்படியான வீடுகளுக்குச் செருப்பைப் படலையடியில் கழற்றிவிட்டுப் பூனை மாதிரித்தான் போவாள்.

மாரி வெள்ளம் கிணறுகளுக்குள் இறங்கிய வருடம் வயிற்றோட்டம் பரவியது. திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குப் போக லோஞ்ச் ஓடுவதும் நிச்சயமில்லை. எந்தப் பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்க்கலாம், எந்தப் பிள்ளையை உடனே தூக்கிக்கொண்டு வரவேண்டும் என்று தாய்மாருக்குத் தெரிந்தாக வேண்டும். மூதூர் ஆஸ்பத்திரி டொக்டர் இராசதுரையிடம் இருந்த ஆங்கில வழிகாட்டியை யோகமலர்தான் தமிழில் எழுதினாள். பள்ளிக்கூடத்தில் தமிழுக்குப் பரிசு வாங்கியவள், விடுவாளா? ‘உணர்வு மந்தநிலை காணப்படின் தாமதமின்றி வைத்தியசாலைக்கு அனுப்பப்படல் வேண்டும்’ என்று எழுதி, வாய்விட்டு வாசித்து ரசித்தாள். ரோணியோ மெஷினில் படியெடுத்து வீட்டுக்கு வீடு ஒட்டினார்கள்.

கிளிவெட்டியில் ராசமலர் வீட்டுச் சுவரிலும் அது இருந்தது. அவளுடைய மகன் அந்தச் சுவருக்குக் கீழேதான் செத்துப்போனான்.

யோகமலர் போனபோது ராசமலர் அழவில்லை. கனவில் கதைக்கிறவள் மாதிரிக் கதைத்தாள். "அதில இருந்ததெல்லாம் செய்தனான் மிஸ். கஞ்சித்தண்ணி குடுத்தனான், பால் நிப்பாட்டேல்லை. பின்னேரம் நித்திரை கொண்டிட்டான். இரவெல்லாம் கத்திக் களைச்ச பிள்ளை, படுக்கட்டும் எண்டு நானும் பக்கத்தில சரிஞ்சிட்டன். நல்ல நித்திரை மிஸ்."

அந்த நித்திரைதான் உணர்வு மந்தநிலை. நீர் வற்றி, விழிக்க ஏலாமல் கிடந்த பிள்ளைக்கு நோய் இறங்கிவிட்டதென்று நம்பி, தாய் சத்தம் போடாமல் காவல் இருந்திருக்கிறாள். தான் அன்றைக்கு அந்த வீட்டுக்கு வந்திருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்திருப்பேன் என்று நினைத்தபோது யோகமலருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

இராசதுரை ஏசவில்லை. தாளை மேசையில் விரித்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: இதை வாசித்த தாய் எழும்பி என்ன செய்யவேண்டும்? எழுதிய அவளுக்கும் வாசித்த தனக்கும் விளங்கினால் போதாது என்று அவரே சொல்லி, மூதூரில் வேப்பமரத்து நிழலில் தாய்மாரைக் கூப்பிட்டு இருத்தினார். வயிற்றோட்டப் பிள்ளை படுத்தால் எழுப்பிப் பார்க்கவேண்டும் என்றதும், நித்திரையில் கிடக்கிற பிள்ளையை எழுப்புவதோ என்று அவர்கள் முகம் சுளித்தார்கள். கடற்தொழிலாளி ஒருவரின் மனைவி நஜ்முன் நிஸா மட்டும், கைக்குழந்தையை மடியில் ஆட்டிக்கொண்டு, எப்ப எப்ப எழுப்புவது, எங்கட வீட்டு மணிக்கூடு ஓடாதே என்று கேட்டாள். கொஞ்சம் யோசித்து, பள்ளிவாசலில் பாங்கு கேட்கும்போதெல்லாம் எழுப்பலாம் என்று அவளே ஒரு வழியும் சொன்னாள். கிளிவெட்டிக்குக் கோயில் மணி என்று ஆயிற்று.

புதுத் தாளில் மேலே பெரிய எழுத்தில் இவ்வளவுதான் இருந்தது: ‘வயித்தோட்டம் உள்ள பிள்ளை நித்திரையெண்டு விடாதீங்கோ. எழுப்பிப் பாருங்கோ. எழும்பாட்டில், எழும்பியும் குடிக்காட்டில், அப்பவே தூக்கிக்கொண்டு வாங்கோ.’ தமிழுக்குப் பரிசு தந்த வாத்தியார் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். அடித்துக்கொள்ளட்டும் என்று யோகமலர் விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு ஊரின் அமைதி கெட்டது. பாங்கு முடிய முன்னமே தெருவெல்லாம் பிள்ளைகள் வீறிட்டன. வயிற்றோட்டம் கண்டிருந்த பிள்ளைகளில் நிஸாவின் மகள் மட்டும் ஒரு மத்தியானம், லுஹர் பாங்கு நேரத்தில், வீறிடவில்லை. உலுக்கியும் கண் திறக்கவில்லை. நிஸா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கொதிக்கிற தெருவால் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். இராசதுரை சேலைன் ஏற்றினார். பொழுதுபடும்போது பிள்ளை கண்ணைத் திறந்து, யோகமலரின் வெள்ளைச் சேலையைப் பார்த்துப் பயந்து அழுதது.

ராசமலர் வீட்டுக்கும் புதுத் தாள் கொடுத்தாக வேண்டும். கால் கூசக் கூசத்தான் யோகமலர் போனாள். ராசமலர் அதை வாங்கி, வாசலில் நின்றபடி எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"எழுப்பியிருந்தா என்ர பிள்ளை எழும்பியிருப்பானோ மிஸ்?"

பொய் சொல்லத்தான் யோகமலர் வாயெடுத்தாள், வரவில்லை. "எழும்பாட்டில் உங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும், தங்கச்சி. தூக்கிக்கொண்டு வந்திருப்பியள். நான்தான் விளங்கிற மாதிரி எழுதேல்லை."

ராசமலர் உள்ளே போனாள். பாயில் அவளுடைய நாலு வயது மூத்த மகள், ஒரு நோய் வருத்தமும் இல்லாத பிள்ளை, வயிறு நிறையத் தின்றுவிட்டு மத்தியான நித்திரையில் கிடந்தாள். ராசமலர் குனிந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவளுக்கு ஒன்றுமில்லையே, படுக்கட்டும் என்று யோகமலர் தடுக்கப் பார்த்தாள்.

"தெரியும் மிஸ்," என்று சொல்லிக்கொண்டே ராசமலர் திரும்பவும் உலுக்கினாள்.

பிள்ளை கண்ணைத் திறந்தது. கோபத்தில் தாயை உதைத்து, வீடு அதிர அழத் தொடங்கியது. ராசமலர் அதை அள்ளி மடியில் வைத்துக்கொண்டாள். தேற்றவில்லை. அழட்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.