நாகஜோதியின் குலவை

ஜெயமங்கலத்தில் எந்தக் கல்யாண வீட்டிலும் கெட்டிமேளத்தை முந்திக்கொண்டு நாகஜோதியின் குலவை கிளம்பிவிடும். நடவு வயலில் முதல் நாற்று இறங்கும்போதும் அவள்தான். வீரபாண்டி அம்மன் கோயிலுக்குத் தீச்சட்டி புறப்படும்போதும் அவள்தான். தொண்டையா அது! மற்ற பெண்கள் மூச்சு வாங்கி நிறுத்திய பிறகும் அவள் நாக்கு மட்டும் சுழன்றுகொண்டே இருக்கும்.

அப்பேர்ப்பட்டவளுக்கு நெற்றியில் வந்து உட்கார்ந்தது வினை. முதலில் சளி என்றார்கள், பிறகு நீர்க்கோவை என்றார்கள். விரலி மஞ்சளைச் சுட்டுப் புகை பிடித்தாள், சுக்கை உரசிப் பற்றுப் போட்டாள். புருவத்துக்கு மேலே சீழ் கட்டியிருக்கிறது என்று ஸ்கேன் எடுத்த பிறகுதான் தெரிந்தது. இரண்டு முறை ஆபரேஷனும் ஆயிற்று. சில மாதம் சுகமாக இருக்கும். பிறகு, ஆறிய தழும்பே உள்ளே வடிகாலை அடைத்துக்கொள்ள, மறுபடி பழைய கதை. குனிந்தால் வலி. குலவை போட்டால் கேட்கவே வேண்டாம், நெற்றியை யாரோ உளி வைத்துப் பிளப்பது போலிருக்கும்.

இந்த லட்சணத்தில் மகள் யுவராணிக்கு வைகாசியில் கல்யாணம் குதிர்ந்தது. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் குலவை போட்டவள், பெற்ற மகள் கழுத்தில் தாலி ஏறும்போது வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதா? நினைக்க நினைக்க நாகஜோதிக்கு ஆறவில்லை.

தேனியில் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, புருஷன் சுருளிராஜனோடு பஸ் ஏறினாள். கிளம்பும்போதே பக்கத்து வீட்டுப் பொன்னாத்தாள் வாயை வைத்துவிட்டாள். "ஏத்தா, மூணாவது தடவன்னா காதுக்குக் காது கிழிச்சு, நெத்தித் தோலையே உரிச்சுப் பாப்பாகளாம்ல!" வழி நெடுக நாகஜோதி நெற்றிப் பொட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

டாக்டர் சென்னைக்காரர். சிரித்துவிட்டார். "அது அந்தக் காலம்மா. இப்பவும் ரொம்ப முடியாத கேஸுக்குச் செய்வோம். உங்களுக்கு மூக்கு வழியாவே டெலஸ்கோப் விட்டுப் பண்ணலாம். ரெண்டு பக்கமும் வடியிற வழி குறுகலா இருக்கு. நடுவுல இருக்குற எலும்பைத் தேய்ச்சு எடுத்து, ஒரே பெரிய வழியா ஆக்கிடுவேன். வெளியில ஒரு கீறல் இருக்காது."

"ரெண்டு மடையையும் ஒண்ணாக்கிருறாக, புள்ள" என்றான் சுருளிராஜன். நாகஜோதிக்குப் பாதி பயம் அப்போதே போயிற்று.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நாகஜோதி கண் விழித்ததும் டாக்டர் கட்டளைகளை அடுக்கினார். மூக்குச் சிந்தக் கூடாது. குனியக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். தினமும் உப்புத் தண்ணீர் விட்டு மூக்கைக் கழுவ வேண்டும்.

"குலவை போடலாமா?" என்றாள் நாகஜோதி.

"குலவையா? அது எப்படி இருக்கும்?"

போட்டுக் காட்ட அவளால் ஆகுமா? புருஷனைப் பார்த்தாள். சுருளிராஜன் சுற்றுமுற்றும் பார்த்தான், மீசையைத் துடைத்தான், கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தான். ஐயோ, அது குலவையா! தொண்டையில் முள் சிக்கிய கிடாகூட அப்படிக் கத்தாது. நர்ஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நாகஜோதி சிரிக்கக் கூடாதே என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"இது கண்டிப்பா கூடாது" என்றார் டாக்டர், கண்ணில் நீர் வரச் சிரித்தபடி. "உள்ள ஆறினதும் நானே சொல்றேன்."

கல்யாணத்துக்கு முந்தின வாரம் கடைசியாகப் பார்க்கப் போனார்கள். டாக்டர் மூக்குக்குள் டெலஸ்கோப்பை விட்டு நெடுநேரம் பார்த்தார்.

"வழி நல்லாத் திறந்திருக்கு. இப்போ போடுங்க. அன்னிக்கு இவரு போட்டதை நான் நம்பல."

"இங்கனயா?"

"இங்கயே."

நாகஜோதி முந்தானையைச் செருகிக்கொண்டாள். பயத்தோடுதான் தொடங்கினாள். நாக்கு சுழன்றது. குலவை கதவைத் தாண்டி, வராந்தாவைத் தாண்டிப் போயிற்று. நெற்றியில் வலி வரும் வரும் என்று காத்திருந்தாள். வரவே இல்லை.

அவள் மூச்சு விட்டாளோ இல்லையோ, வெளியே சீட்டுப் போட்டுக் காத்திருந்த சின்னமனூர்க்காரி ஒருத்தி பதில் குலவை போட்டாள். குலவை கேட்டு எந்தப் பெண் சும்மா இருப்பாள்? பெஞ்சு முழுக்கக் குலவை. ஒருத்தி கதவைத் திறந்து தலையை நீட்டி, "என்ன பிள்ளை பிறந்திருக்கு?" என்று கேட்டாள்.

"பிள்ளை இல்லக்கா, என் நெத்தி பிழைச்சிருச்சு!" நாகஜோதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "வர்ற புதன்கிழமை என் மகளுக்கு ஜெயமங்கலத்துல கல்யாணம். எல்லாரும் வந்து கூடக் குலவை போடணும், ஆமா!"

அந்தப் பெஞ்சிலிருந்து பாதிப் பேர் வந்துவிட்டார்கள். டாக்டரும் வந்தார். ஆனால் தாலி ஏறிய நேரத்தில் நாகஜோதியின் குலவை யாருக்கும் இடம் கொடுக்கவில்லை. மேளக்காரர் அடிப்பதை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.