ராகிக் களத்தில் டாங்கோ

பெங்களூரில் டாங்கோ நடன வகுப்பில் தீர்த்தனுக்கு ஜோடியாக வந்தவள் ஜெயபிரியா. இருவரும் இங்கிலீஷிலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் அவன் தெரியாமல் அவள் காலை மிதித்துவிட, "அய்யோ ஆத்தா!" என்று அலறினாள்.

"நீங்க எந்த ஊருங்க?"

"பென்னாகரங்க."

அவன் அதே மாவட்டத்து நல்லம்பள்ளிக்காரன். ஆட்டத்தை விட்டுவிட மனசில்லாமல்தான் கல்யாணமே செய்துகொண்டார்கள் என்று நான் சொன்னால் இருவருக்கும் கோபம் வரும்.

இப்போது ஊரில் விவசாயம். களத்தில் காயும் ராகியைக் காலால் இழுத்துக் கிளறும்போது, டாங்கோவில் போலவே அவன் அவளை அணைத்தபடி முன்னோக்கி நடக்க, அவள் கண்மூடிப் பின்னோக்கி நகர்வாள்.

நேற்று தீர்த்தனின் அம்மா ராஜாமணி அதைப் பார்த்துவிட்டார். இருவரும் சட்டென்று விலகினார்கள். அவர் குனிந்து ஒரு கை ராகியை அள்ளிப் பார்த்தார்.

"ஏன் நின்னுட்டீங்க? அந்த ஓரம் இன்னும் காயல. அங்கயும் போய் ஆடுங்க."