தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையும் பூசணியில் பிறந்த பொம்மையும்

நான் சமைக்கிற உணவகத்துக்கு வியாழக்கிழமை தவறாமல் டாரத்தி என்று ஒரு வெள்ளைக்கார அம்மா வருவார். ஓய்வுபெற்ற ஆசிரியை, தனிக்கட்டை. வந்ததும் குழந்தைகளுக்கான உயர நாற்காலி ஒன்று கேட்பார். அதில் ஒரு துணிப் பொம்மையை உட்கார வைத்து, இடுப்புப் பட்டியை மாட்டி, சாம்பார் காரமாக இருக்கிறதா என்று அதனிடம் விசாரிப்பார். முதல் தடவை சமையலறைக் கதவிடுக்கில்தான் இதைப் பார்த்தேன். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர் போலிருக்கிறது என்று நானே முடிவு கட்டி, ஒரு கிண்ணம் பாயசத்தைக் கொண்டுபோய் வைத்து, தெரிந்த ஆங்கிலத்தில் துக்கம் விசாரித்தேன். அவர் திகைத்துப் பார்த்தார். "யாரும் சாகவில்லையே! இவளுக்கு நாற்பத்தொரு வயது" என்றார். பொம்மை என்னைவிட இரண்டு வயதுதான் இளையவள். கைப்பையிலிருந்து அதன் பிறப்புச் சான்றிதழையும், அவர் அதைத் தத்தெடுத்த பத்திரத்தையும் எடுத்துக் காட்டினார். இரண்டிலும் முத்திரை இருந்தது. பழைய பொம்மை, பத்திரத்தோடு இருந்தால்தான் மதிப்பாம். எண்ணெய்க் கையோடு நின்றவன் அந்த முத்திரையைத் தொடாமல் பார்த்தேன். எனக்கு அப்போது வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

இந்தக் கதையை ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்வது சுலபம், இங்கே இருப்பவர்களுக்குச் சொல்வதுதான் கஷ்டம். எங்கள் ஊர் ரிஷிவந்தியத்துக்குப் பக்கம். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்திக்குப் பிறக்கிற பிள்ளைகள் தங்காமல் போனால், அடுத்துப் பிறப்பதைத் தன் பிள்ளை என்று அவள் சொல்லிக்கொள்ளக் கூடாது. முறத்தில் கிடத்தி இன்னொருத்தர் கையில் கொடுத்துவிட வேண்டும். வாங்குகிறவர் பதிலுக்கு ஒரு படி தவிடு கொடுப்பார். அவ்வளவுதான், பிள்ளை கைமாறிவிட்டது. தேடி வருகிற எமன் பழைய விலாசத்துக்குப் போய் ஏமாந்து திரும்புவான் என்பது நம்பிக்கை. பெரும்பாலும் இது பேருக்குச் செய்கிற சடங்கு. சாயங்காலமே பிள்ளை பெற்றவள் மடிக்குத் திரும்பிவிடும். என் தங்கை மல்லிகாவுக்கு இரண்டு தங்காமல் போய் மூன்றாவதாக ஒரு பெண் பிறந்தபோது, நானும் என் மனைவி செல்வியும் விடுப்பில் ஊரில் இருந்தோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அம்மன் கோயில் வாசலில் நான் படியை நீட்ட, மல்லிகா முறத்தைச் செல்வியிடம் கொடுத்தாள். கொடுத்தவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "அண்ணே, இது சும்மா சடங்கு இல்ல. மெய்யாலுமே குடுத்துட்டேன். இனிமே நான் இதுக்கு அத்தைதான்" என்றாள். எங்கே போனாலும் கூட்டிக்கொண்டு போவேன், விட மாட்டேன் என்று செல்வியும் சொன்னாள். ஊரே பார்த்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பள்ளிக்கு யாழினி, வீட்டுக்குத் தவுட்டம்மா என்று பெயர் வைத்தோம். விசாக் காகிதம் வந்ததும் கூட்டிக்கொண்டு போகிறோம், அதுவரைக்கும் நீ பார்த்துக்கொள் என்று தங்கையிடமே விட்டுவிட்டு விமானம் ஏறினோம்.

அந்தக் காகிதம் ஏழு வருடமாக வரவில்லை.

இங்கே ஒரு வழக்கறிஞரிடம் போனபோது அத்தாட்சி கேட்டார். நான் பெருமையாக ஒரு புகைப்படத்தைக் கொடுத்தேன். முறத்தில் குழந்தை, என் கையில் தவிட்டுப் படி, சுற்றிலும் ஊர். "இந்தப் பாத்திரத்தில் என்ன?" என்று கேட்டார். விளக்கினேன். இதைக் கொடுத்துத்தான் வாங்கினோம் என்றேன். அவர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "குழந்தையை விலைக்கு வாங்கினேன் என்று இந்த நாட்டில் இனி யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று தணிந்த குரலில் சொன்னார். அதோடு பழகிவிட்ட சிநேகத்தில் உள்ளதையும் சொன்னார். முதலில் அனுமதி, பிறகு பிள்ளை என்பது சட்டம். நீங்கள் தலைகீழாகச் செய்திருக்கிறீர்கள். ஒருவராவது அங்கே போய் இரண்டு வருடம் பிள்ளையோடு வாழ்ந்து, முறையாகத் தத்தெடுத்து, மறுபடி கேட்கலாம். கிடைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. அதற்குள் போனவருக்கு இங்கே திரும்பி வரும் உரிமையும் போய்விடலாம். வேலியிலே போன ஓணானை எடுத்து மடியிலே விட்டுக்கொண்ட கதை என்பார்கள். நாங்கள் மடியில் வைக்க வேண்டியதைத்தான் வேலிக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்திருந்தோம்.

டாரத்தியின் பொம்மையைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பியது நான் செய்த வேலை. அடுத்த ஞாயிறு, ஊரில் காலை நேரத்தில் காணொளியில் பேசியபோது மல்லிகா குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். பின்னால் ஜன்னலில் கல்வராயன் மலை சாம்பல் நிறத்தில் தெரிந்தது.

"எனுக்கும் அந்த பாப்பா வோணும்பா. நீயே எடுத்துக்கினு வா" என்றாள் யாழினி. உடனே முகத்தைச் சுளித்து, "அம்மா, வலிக்குது, மெல்ல வாரு" என்றாள்.

மல்லிகாவின் கை நின்றுவிட்டது. "அத்தைன்னு சொல்லுடி. அம்மா தோ போன்ல கீறாங்க பாரு."

"போன்ல கீறவங்க எப்டி அம்மா ஆவாங்க? தலை வார்றவங்கதான் அம்மாவாம். கிளாஸ்ல எல்லாரும் சொல்றாங்க."

"வாய் ஜாஸ்தியாப் பூட்ச்சு அண்ணே, தப்பா எடுத்துக்காத" என்று மல்லிகா சிரித்துச் சமாளித்தாள். செல்வி எழுந்துபோய், கழுவி வைத்த பாத்திரங்களை மறுபடி கழுவினாள்.

பொம்மை பிறக்கிற இடம் நாங்கள் இங்கே குடியிருக்கும் ஊரிலிருந்து மூன்று மணி நேரத் தூரம். டாரத்தி வழி எழுதிக் கொடுத்தார். குன்றின் மேல் பெரிய வெள்ளை வீடு. வாசலில் 'மகப்பேறு மருத்துவமனை' என்று பலகை. உள்ளே துணியால் செய்த பூசணித் தோட்டம். கொடிகள், மஞ்சள் பூக்கள், காய்க்குக் காய் ஒரு பொம்மைத் தலை எட்டிப் பார்க்கிறது. செவிலியர் உடுப்பில் பெண்கள் ஸ்டெதாஸ்கோப்போடு நடமாடுகிறார்கள். ஒலிபெருக்கியில் பிரசவ அறிவிப்பு. ஒருத்தி பூசணிக்காயைத் தொட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் என்று கூட்டத்தை முக்கச் சொன்னாள். நரைத்த தலைக்காரர்கள் கூட முக்கினார்கள். சுவரோரம் கண்ணாடிப் பெட்டிகளில் பழைய பொம்மைகள், ஒவ்வொன்றின் காலடியிலும் அதன் பத்திரம்.

"பூசணிக்காய நம்ம ஊர்ல நடுரோட்டுல போட்டு ஒடப்பாங்க. இங்க புள்ள பொறக்குது" என்றாள் செல்வி. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

யாழினிக்கு ஏற்ற மாதிரி மாநிறமாக ஒன்றை எடுத்தோம். வாங்கிவிட்டு வந்துவிடலாம் என்றால் அங்கே அப்படி இல்லை. அந்த இடத்தில் 'வாங்குவது' என்ற பேச்சே கூடாது. ஒரு மேசைக்குப் பின்னால் செவிலி உட்கார்ந்திருக்கிறாள். தாய் வலது கையை உயர்த்தி உறுதிமொழி சொல்ல வேண்டும், உடனே பத்திரம். வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற எல்லோருக்கும் நிமிடக் கணக்கில் பிள்ளை சொந்தமாகிக்கொண்டிருந்தது. எங்கள் முறை வந்தது. செவிலி செல்வியைப் பார்த்து, நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லுங்கள் என்றாள். இந்தக் குழந்தையை என் குழந்தையாக ஏற்கிறேன். எங்கே போனாலும் கூட்டிக்கொண்டு போவேன். ஒரு நாளும் விட்டுவிட்டுப் போக மாட்டேன்.

செல்வி கையை உயர்த்தினாள். அது பாதியில் நின்றது.

"நான் சொல்ல மாட்டேங்க" என்றாள் என்னிடம்.

"வெளையாட்டுதான செல்வி. பொம்மைக்குத்தான."

"அந்தக் கோயில் வாசல்ல இதைத்தான சொன்னேன்? அதையே காப்பாத்தல. இன்னாத்துக்கு இன்னொரு தபா சொல்றது?"

அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. செவிலி பாவம், நல்ல பெண். மேசையைச் சுற்றி வந்து செல்வியைத் தட்டிக் கொடுத்து, "முதல் குழந்தை என்றால் எல்லாரும் இப்படித்தான் அழுவார்கள்" என்றாள். வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். சரி என்று நானே கையைத் தூக்கிச் சொல்லி முடித்தேன். தந்தை என்ற இடத்தில் என் பெயர். தாய் என்ற இடம் காலி. முத்திரை குத்தும்போது மேசை அதிர்ந்தது.

திரும்பி வருகிற வழியில் பொம்மை செல்வியின் மடியில் இருந்தது. பாதித் தூரத்தில், ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "நான் போறங்க."

"திரும்பி வர முடியலன்னா?"

"வர முடியலன்னா இன்னா, அங்க தலை வாரிக்கினு இருப்பேன்."

வண்டியை ஓரம்கட்டினேன். நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். இங்கே ஒன்றும் ஊரில் ஒன்றுமாக என் சம்பளத்தில் நடக்கிற இரண்டு வீடுகளும் கண் முன்னால் வந்து நின்றன. சொல்லவில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பார்கள். எனக்குச் சட்டியில் இருந்தும் வரவில்லை.

செல்வி போய் நான்கு மாதம் ஆகிறது. கள்ளக்குறிச்சியில் பேருந்து நிலையத்துக்குப் பக்கமாக ஒரு வீடு எடுத்திருக்கிறாள். யாழினி முதல் வாரம் அவளோடு வர மாட்டேன் என்று மல்லிகாவின் புடவையைப் பிடித்துக்கொண்டாளாம். இப்போது வாரத்தில் நான்கு நாள் செல்வியிடம், மூன்று நாள் மல்லிகாவிடம். பிள்ளையை மறுபடி கொடுக்க வேண்டியிருந்த மல்லிகா என்ன ஆனாள் என்று நான் கேட்கவில்லை. தவிட்டுப் படியை நீட்டியவனுக்கு அதைக் கேட்க வாய் வரவில்லை.

பொம்மை போய்ச் சேர்ந்த அன்றைக்குக் காணொளியில் கூப்பிட்டார்கள். யாழினி அதைக் கவிழ்த்து, கால், முதுகு எல்லாம் ஆராய்ந்து பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"இத எத்தினி படி தவுட்டுக்குப்பா வாங்கன?"

"ஒரு படி."

"எனுக்கு எத்தினி?"

"உனக்கும் ஒரு படிதான்டி."

கொஞ்சம் யோசித்தாள். "அப்போ இத மட்டும் எப்டி ஏரோப்ளேன்ல உட்டாங்க?"

செல்வி அவசரமாகப் போனைத் தன் பக்கம் திருப்பினாள். அவள் கையில் சீப்பு இருந்தது.

பொம்மையின் பத்திரத்தை செல்வி எடுத்துப் போகவில்லை, மறந்துவிட்டாளா வேண்டுமென்றே விட்டாளா தெரியாது. என் வீட்டுக் குளிர்ப்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டியிருக்கிறது. வேலைக்குக் கிளம்பும்போது தினமும் கண்ணில் படும். அதன்படி எனக்கு இந்த நாட்டில் பிறந்த ஒரு பெண் இருக்கிறாள். எந்த அதிகாரி கேட்டாலும் காட்டலாம், முத்திரை சுத்தமாக விழுந்திருக்கிறது. தாயின் பெயருக்கு விட்ட கோடு மட்டும் வெறுமையாக இருக்கிறது. அவள் கள்ளக்குறிச்சியில் தலை வாரிக்கொண்டிருக்கிறாள்.