மெயின் வால்வு

ஆயுசு முழுக்க ஊரார் வீட்டுக் குழாய்களோடு மல்லுக்கட்டிய பிளம்பர் அவர். மறதி நோய் முற்றி, இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார். மகள் பார்க்க வந்த அன்று, நர்ஸ் அவர் கண்ணில் விஆர் கண்ணாடியை மாட்டிவிட்டு, "அருவி கொட்டுது பாருங்க தாத்தா, மனசு லேசாயிடும்" என்றாள்.

லேசாவதாவது, மண்ணாவது! மனிதர் பதறி எழுந்துவிட்டார்.

"ஐயையோ, பைப்பு வெடிச்சிருச்சு! மெயின் வால்வு எங்க?"

மகள் ஓடிவந்து கண்ணாடியைக் கழற்றினாள். அருவி போயிற்று, பதற்றம் போகவில்லை. கட்டிலுக்கடியில் குனிந்து வால்வைத் துழாவினார்.

"அப்பா, நான்தான்ப்பா. தண்ணி நின்னுடுச்சு."

நிமிர்ந்தவர், தலை நரைத்த மகளை ஏற இறங்கப் பார்த்தார். வேலைக்குப் போன ஏதோ வீட்டில் கதவைத் திறந்த சின்னப் பெண்ணிடம் கேட்பதுபோல, பொறுமையாகக் கேட்டார்:

"ஏம்மா பாப்பா, வீட்டுல பெரியவங்க யாருமே இல்லையா?"