எலுமிச்சம்பழக் கோல்

ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற எங்கள் பஸ் பூந்தமல்லியில் நிற்கிறது. பக்கத்துத் திடலில் ஊர்க்காரர்களுக்கும் வெள்ளைச் சிப்பாய்களுக்கும் கால்பந்து தொடங்கப்போகிறது. நடுவே அங்கி போட்ட ஒரு கிழப் பாதிரியார்.

"யாருங்க அவர்?" என்று ஒரு வண்டிக்காரரைக் கேட்கிறேன்.

"ஸ்பெயின் சாமிங்க. வயசுல அவுங்க ஊர்ல கோல் கோலா அடிச்சித் தள்ளினவரு. முட்டி போயி உட்டுட்டாரு. இப்ப எங்களுக்குக் கத்துக் குடுத்துகினு கீறாரு."

பூஜைத் தட்டில் இருக்கும் புதுப் பந்துக்குக் குங்குமம் வைத்தாகிவிட்டது. தரையில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து, அதை மிதித்து நசுக்கும்படி பாதிரியாருக்குச் சைகை காட்டுகிறார்கள். கோல் அடித்த கால் சும்மா இருக்குமா? ஒரே உதை! சிப்பாய்களின் கோல்கீப்பரைத் தாண்டி, பழம் கம்பங்களுக்கு நடுவே பறக்கிறது.

சகுனம் கெட்டதோ என்று ஊரே முணுமுணுக்கிறது. முட்டியைப் பிடித்தபடி, "தப்பா?" என்கிறார் பாதிரியார்.

"இன்னா தப்பு சாமி? நாம ஒண்ணு, அவுங்க சைபரு!" என்று வண்டிக்காரர் கத்துகிறார்.

பந்து இன்னும் பூஜைத் தட்டில்தான் இருக்கிறது.