நாடீனின் துப்பாக்கியும் டுவைனின் வாயும்

சுடும்போது கண்ணை மூடிக்கொள்கிறவள் என்று ஒருத்தியைப் பற்றிக் கிளப்பிவிட்டால், பிக் ஹோல் பள்ளத்தாக்கில் அதைவிடக் கேவலமான பேச்சு கிடையாது. நாடீன் ஃப்ளாட்டனைப் பற்றி அப்படிக் கிளப்பிவிட்டது வேறு எவனுமில்லை, கட்டின புருஷன் டுவைன்தான்!

நாடீன் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். மாண்டானாவின் பனியில், கண்ணாடிபோல் வழுக்கும் சாலையில், ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, திரும்பவும் கொண்டுவந்து சேர்ப்பாள். ஒரு தடவைகூட வண்டியைப் பள்ளத்தில் விட்டதில்லை. வைக்கோல் கட்டுகளோடு உருண்டு டுவைன் இடுப்பை ஒடித்துக்கொண்டு படுத்துக்கிடந்தானே, அந்த வருஷங்களில் அவர்கள் வீட்டுக் குளிர்பெட்டியில் கறி இருந்ததென்றால் அது நாடீன் சுட்ட கறி. ஊருக்கே தெரியும் இது. தெரிந்தும் சிரித்தார்கள் பாருங்கள், அங்கேதான் அவளுக்கு வயிறு எரிந்தது.

நடந்தது இதுதான். ஓர் இலையுதிர் காலத்தில் எல்க் மான் ஒன்று பக்கவாட்டில், படம் பிடிக்க நிற்பதுபோல் நின்றது. நாடீன் சுட்டாள். குண்டு எங்கேயோ போயிற்று. மான் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சாவகாசமாக மரங்களுக்குள் நடந்தது.

மறுநாள் காலையிலேயே டுவைன் கஃபேயில் ஆரம்பித்துவிட்டான். "விசையைத் தொடுறதுக்கு முன்னாடியே எங்காளுக்குக் கண்ணு மூடிக்குதுப்பா. அந்த எல்க்கு உசுரோட வீட்டுக்குப் போயி, பொண்டாட்டிகிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருக்கும்."

பக்கத்து மேசை ஹார்லன் காபியைத் துப்பிவிட்டுச் சிரித்தானாம். அன்றிலிருந்து ஒரு வருஷம் இதே பாட்டு. பெட்ரோல் போட நின்றால், "என்ன நாடீன், கண்ணைத் திறந்துக்கிட்டுத்தானே ஓட்டுற?" என்பான் ஒருத்தன். தபால் நிலையத்தில் இன்னொருத்தன் கண்ணை இறுக்கி மூடிக்காட்டுவான். பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள்.

ஆனால் சும்மா இருக்கவில்லை. சரளைக்கல் பள்ளத்துக்குத் துப்பாக்கியை எடுத்துப்போய், மணல்மூட்டையில் சாய்த்து வைத்து, நிதானமாகச் சுட்டுப் பார்த்தாள். ஒரு குண்டு இங்கே, ஒன்று அங்கே. திருகாணிகளை இறுக்கினால் வேறெங்கோ. சேதி பிடிபட்டுவிட்டது. குழலைத் தாங்கித் தோளில் பதிகிற கட்டைதான் வினை: ஈரப்பனியில் ஊறி உப்பிப்போன பழைய மரக்கட்டையைக் கழற்றிவிட்டு, எல்க்கைத் தவறவிட்டதற்குக் கொஞ்சம் முன்னால்தான் பிளாஸ்டிக் கட்டை மாட்டியிருந்தாள். அந்தக் கட்டைக்குள் துப்பாக்கியின் இரும்பு சரியாக உட்காரவில்லை. ஒவ்வொரு வெடிக்கும் மயிரிழை அசைகிறது. இங்கே மயிரிழை அசைந்தால் அங்கே மான் தப்பிக்கும்.

இதற்கு வைத்தியம் உண்டு. கட்டையின் குழிக்குள் எபாக்ஸிப் பசையைப் பூசி, ஈரமாக இருக்கும்போதே இரும்பை அதில் உட்காரவைத்துக் காயவிட வேண்டும். இரும்பின் அச்சு அப்படியே பசையில் விழுந்துவிடும், அதற்கப்புறம் அசையாது. பசை டப்பாவை வாங்கிவந்து மேசையில் வைத்து, "கோளாறு என் கண்ணுல இல்ல, கட்டையில. சனிக்கிழமை பசை போடப்போறேன்" என்றாள்.

டுவைன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அது சரி" என்றான்.

இந்தத் தடவை அவளுக்கு இது விளையாட்டில்லை. மூஸ் என்கிற ராட்சத மானைச் சுட அனுமதி தரும் குலுக்கலில் அவள் பெயர் விழுந்திருந்தது. கல்யாணமான காலத்திலிருந்து வருஷம் தவறாமல் விண்ணப்பித்து, இப்போதுதான் விழுந்தது. ஒரு தடவை விழுந்துவிட்டால், சுட்டாலும் சுடாவிட்டாலும், இன்னும் ஏழு வருஷத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது. ஏழு வருஷம் கழித்துச் சதுப்பில் இறங்க முழங்கால் இருக்க வேண்டுமே! இதில் தவறவிட்டால் ஊர் வாயை இந்த ஜென்மத்தில் மூட முடியாது.

வெள்ளிக்கிழமை மாலை பேருந்தை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், கார் கொட்டகையில் டுவைன் ஒட்டகம்போல் நிமிர்ந்து நிற்கிறான்.

"உன் வேலையை நானே முடிச்சிட்டேன். நேத்தே போட்டாச்சு, கல்லு மாதிரி காஞ்சிருச்சு" என்றான்.

"யாரைக் கேட்டுப் போட்ட?"

"உதவி பண்ணா ஒரு நன்றி சொல்லத் தெரியுதா பாரு!"

நாடீன் திருகாணிகளைக் கழற்றினாள். குழலைப் பிடித்துத் தூக்கினாள். கட்டையும் கூடவே வந்தது. ஆட்டினாள். உதறினாள். துப்பாக்கி ஒரே துண்டாக இருந்தது.

"டுவைன், மெழுகு தடவினியா?"

"தடவாம? இரும்பு பூரா வழிய வழியத் தடவினேன்."

"துளையெல்லாம் களிமண்ணு வச்சு அடைச்சியா?"

"எந்தத் துளை?"

இரும்பில் பக்கவாட்டில் ஊசித் துளைகள் இருக்கின்றன, விசைக்குப் பிளவு இருக்கிறது. அடைக்காவிட்டால் பசை உள்ளே ஓடி, காய்ந்து, ஆணி அடித்ததுபோல் பூட்டிக்கொள்ளும். அப்புறம் இரும்பில் பசை ஒட்டாமலிருக்க எவ்வளவு மெழுகு தடவி என்ன புண்ணியம்?

"யோவ், உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? என் துப்பாக்கி, சனிக்கிழமை நானே பாத்துக்கறேன்னு சொன்னேன்ல? நான் சரி பண்ணிட்டா ஊரே உன்னைப் பாத்துச் சிரிக்கும்னுதானே நீ முந்திக்கிட்ட?"

"என் துப்பாக்கிய எடுத்துக்கயேன், இப்ப என்ன குடி முழுகிப்போச்சு?"

"உன் துப்பாக்கிக் கட்டை என் தோளுக்கு ஒரு சாண் அதிகம். அதுல சுட்டுத் தவறவிட்டா அதுக்கும் ஒரு வருஷம் கதை சொல்லலாம், இல்ல?"



குளிர்பெட்டியில் கறிகளை ஒதுக்கித் துப்பாக்கியைப் படுக்கவைத்தாள். குளிரில் இரும்பு கொஞ்சம் சுருங்கும். காலையில் எடுத்துவந்து, மடியில் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, ரப்பர் சுத்தியலால் அடித்தாள். டுவைனை நினைத்துக்கொண்டே அடித்தாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சட்டென்று ஒரு சத்தம். இரும்பு வெளியே வந்தது, எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டுப் போட்டதுபோல் மொத்தப் பசையையும் சுமந்துகொண்டு. கட்டையின் குழி வழவழவென்று புதிதாக இருந்தது. வழவழப்பான பிளாஸ்டிக்கைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கினால்தான் பசை பிடிக்கும். மகராசன் அதையும் செய்யவில்லை. ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டவில்லை, ஒட்டக்கூடாத இடத்தில் ஒட்டிக்கொண்டது. அவனுடைய ஒரு மடத்தனத்தை அவனுடைய இன்னொரு மடத்தனம் காப்பாற்றிற்று.

துளைகளில் இறுகியிருந்த பசையைச் சூடு காட்டிக் குத்தி எடுப்பதற்குள் அவளுக்கு விரல் நுனியெல்லாம் புண். அதன்பிறகு குழியைச் சுரண்டினாள், பசை கால் ஊன்றச் சின்னச் சின்னத் துளை போட்டாள், இரும்பின் ஓட்டைகளைக் களிமண்ணால் அடைத்தாள், மெழுகு தடவினாள். பசையைக் கலந்து பூசி இரும்பை மெல்ல இறக்கினாள். பிதுங்கியதை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்தாள். கொட்டகையில் குளிர் என்பதால் துணி துவைக்கும் அறையில் வைத்து, கதவுக்குப் பூட்டுப் போட்டாள்.

"துவைக்கிற துணிக்கு நான் என்ன பண்றது?" என்றான் டுவைன்.

"அழுக்கோட அலை."

பசை காய்ந்தபின் தட்டினாள். தட்டின மாத்திரத்தில் இரும்பு கழன்றது. திரும்ப மாட்டி முடுக்கி, பள்ளத்துக்குப் போய்ச் சுட்டாள். குண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று. ஒரு காசை வைத்து எல்லாத் துளைகளையும் மூடிவிடலாம். தனியாக நின்று, காற்றில் கத்திக் கெட்ட வார்த்தை சொல்லித் தீர்த்தாள். யாரைச் சொன்னாள் என்பது அவளுக்குத் தெரியும்.

அக்டோபரில் வில்லோ புதர்ச் சதுப்பில் மூஸ் கிடைத்தது. ஒரே வெடி, இருந்த இடத்திலேயே சரிந்தது. அவ்வளவு பெரிய உடம்பை ஒற்றை ஆளாக வெட்டிச் சுமக்க முடியாது என்பதால் டுவைனையும் கூட்டிப்போயிருந்தாள். அவன் தண்ணீரில் தளக் தளக்கென்று நடந்து போய்க் கொம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"பாத்தியா? நான் பசை போட ஆரம்பிச்சதுனாலதான் இன்னைக்கு இது!"

நாடீன் கையில் தோலுரிக்கும் கத்தி இருந்தது. அவன் நல்ல காலம், அவள் பேச மட்டுமே செய்தாள்.

"நல்லா கேட்டுக்க. ஒரு வருஷம் என்னைப் பத்தி என்ன சொன்னியோ, அது பொய்யின்னு அதே கஃபேல, அதே ஆளுங்ககிட்ட, உன் வாயாலயே சொல்லிட்டு வா. துப்பாக்கிக்கு யாரு பசை போட்டான்னும் சொல்லு. அதுவரைக்கும் இந்தக் கறியில ஒரு துண்டு உன் தட்டுல விழாது."

"சும்மா தமாசுக்குச் சொன்னதுடி."

"போயி அதையே தமாசாச் சொல்லிட்டு வாயேன். என்ன நோகுது?"

அந்த வருஷம் டுவைனுக்கு ஒரு முயல்கூடக் கிடைக்கவில்லை. பனிக்காலம் முழுக்க வெங்காயம் போட்டு வதக்கிய மூஸ் கறி நாடீன் தட்டில். எதிரே டப்பா மக்ரோனி டுவைன் தட்டில். "சொல்லிட்டியா?" என்பாள். அவன் மக்ரோனியைக் கிளறுவான். மனுஷனுக்கு இவ்வளவு வீம்பா? நாக்கில் எச்சில் ஊற, முகத்தைத் திருப்பிக்கொண்டு தின்றான்.

சாலையோரப் பனி கரைய ஆரம்பித்த ஒரு காலையில் கஃபேயிலிருந்து வந்தவன், தொப்பியைக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றான்.

"சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"கட்டைக் கோளாறுன்னு. நான் கெடுத்தேன், நீதான் சரி பண்ணேன்னு. எல்லாத்தையும்." அவன் மூச்சு விட்டான். "ஹார்லன் 'எந்த எல்க்கு?'ன்னு கேக்கறான் நாடீன். அவனுங்க ஒருத்தனுக்கும் ஞாபகமே இல்ல. இதுக்கா இம்புட்டு நாள் மக்ரோனி தின்னேன்!"

நாடீன் அடுப்பை அணைத்தாள். பெட்ரோல் போடும்போதும் தபால் வாங்கும்போதும் ஒரு வருஷம் தலை குனிந்துபோன அவமானம். அந்த ஆட்களுக்கு அது வாயில் போட்டு மென்று துப்பிய வெற்றுப் பேச்சு. சொன்ன சொல்லுக்காகக் கறியை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். வைத்த வேகத்தில் தட்டு விளிம்பு உடைந்தது.

"அவனுங்களுக்கு ஞாபகம் இல்ல" என்றாள். "நீ சொல்லு டுவைன், நான் பட்ட அவமானம் உனக்காவது ஞாபகம் இருந்துச்சா?"